உராய்வு குறைந்தால் தூரம் கூடும்

சைக்கிளுக்கு எஞ்சின் அதை ஓட்டுபவரின் தொடைத் தசைதான். உண்ட சோறும் உடலில் சேர்ந்த கொழுப்பும் அதன் எரிபொருள். தசை தரும் ஆற்றலை வழியில் சிந்தாமல் சக்கரத்தில் கொண்டுசேர்ப்பதே மற்ற பாகங்களின் வேலை. அதைச் சைக்கிள் அவ்வளவு நன்றாகச் செய்வதால், சமதளத்தில் நடக்கச் செலவாகும் ஆற்றலைக் கொண்டே இரண்டு மூன்று மடங்கு தூரம் போக முடிகிறது.

நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் சற்று மேலெழுந்து இறங்குகிறது. கால் நின்று மறுபடி கிளம்புகிறது. சைக்கிளில் உடலின் பாரத்தைச் சீட் தாங்கிக்கொள்கிறது. 1817இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய மரவண்டிக்குப் பெடலே இல்லை. தரையைக் காலால் உந்தித்தான் அதை ஓட்ட வேண்டும். ஆயினும் பாரத்தைத் தாங்கும் பயன் அதிலேயே கிடைத்துவிட்டது.

அடுத்த தடை அச்சில் இருந்தது. இரும்பு இரும்போடு உரசினால் ஆற்றல் வெப்பமாக வீணாகும். நடுவே எஃகு பால்ஸ்களை வைத்தால் உரசல் உருளலாக மாறி, உராய்வு பெருமளவு குறைந்துவிடும். 1869இல் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சுரிரே சைக்கிளுக்கான பால் பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் பால் பேரிங் பொருத்திய வண்டியில் வென்றார். பால்ஸ்களின் மேல் கிரீஸ் மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுக்கிறது. அதில் மண் கலந்தால் அந்தப் பயன் போய்விடும். சைக்கிள் கடையில் ஓவராயில் செய்யும்போது பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுப்பது இதற்காகத்தான்.

1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் சைக்கிளில் செயின் பின்சக்கரத்தைச் சுழற்றியது. முன்பல்சக்கரத்தில் 44 பற்களும் பின்னால் 22 பற்களும் இருந்தால், பெடல் ஒரு சுற்று வரும்போது சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். கியர் புதிதாக ஆற்றல் எதையும் உண்டாக்குவதில்லை. சிறிய கியரில் மேட்டில் மிதி எளிதாகிறது, ஆனால் அதிக முறை மிதிக்க வேண்டும். எண்ணெய் இட்ட நல்ல செயின், மிதிக்கும் ஆற்றலில் 95 விழுக்காட்டுக்கும் மேல் சக்கரத்துக்குத் தந்துவிடும். 1888இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதால் மிதி கனக்கிறது.

எஞ்சும் பெரிய தடை காற்று. வேகத்தை இரட்டித்தால், காற்றைக் கிழிக்க மட்டும் எட்டு மடங்கு திறன் தேவைப்படும்.

முயற்சி இவ்வளவு குறைந்தால் கொழுப்பு எப்படிக் கரையும்? ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு குறைகிறதே ஒழிய, ஒரு மணி நேரத்துக்கு ஆகும் செலவு கூடுகிறது. 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால் சுமார் 250 கிலோகலோரி செலவாகும். 16 முதல் 19 கி.மீ. வேகத்தில் சைக்கிள் மிதித்தால் சுமார் 450. அதில் கால்பங்குக்கும் குறைவாகவே பெடலைச் சேர்கிறது. மீதி வெப்பமாகி வியர்வையை வரவழைக்கிறது.

நிதானமான வேகத்தில் நெடுநேரம் மிதிக்கும்போது கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்புச் செல்கள் விடுவிக்கும் கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தின் வழியே தசைக்குப் போய், ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன. 10 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், 1.6 கிலோ நீராகும். எரியும் கொழுப்பு உடல் முழுவதிலிருந்தும் எடுக்கப்படுவதால், வயிற்றை மட்டும் தனியே குறைக்க இயலாது. பெல்ட் கட்டி வயிற்றை அதிரவைக்கும் கருவியில் தசை உழைப்பதில்லை. எனவே அது கொழுப்பைக் கரைப்பதில்லை.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. அதை மிதித்தே எரிக்க 17 மணி நேரம் வேண்டும். ஆகவே உணவிலும் அளவு தேவை. பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு சீட்டின் உயரத்தை அமைத்து, டயரில் காற்றும் செயினில் எண்ணெயும் குறையாமல் பார்த்துக்கொண்டால், மூட்டுக்கு அதிகச் சுமை இல்லாமல் அந்த உழைப்பை நாள்தோறும் தொடரலாம்.