பித்தளை வாத்தியமும் மூச்சுப் பயிற்சியும்

பித்தளைக் குழல் வாத்தியங்களில் ஒலியைப் பிறப்பிப்பது வாசிப்போனின் அதிரும் உதடு. அவ்வதிர்வை நிலைநிறுத்துவது மூச்சோட்டம். திரம்பெற்றுக்கு உயர்ந்த அமுக்கமும் குறைந்த காற்றும், தியூபாவுக்குத் தாழ்ந்த அமுக்கமும் மிகுந்த காற்றும் வேண்டும்.

1944 முதல் 1988 வரை சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவில் தியூபா வாசித்த ஆர்னோல்ட் ஜேக்கப்ஸ், அறுவைச் சிகிச்சை பெற்றோர் ஆழ்ந்து மூச்செடுக்கப் பயன்படும் கருவியைத் தம் மாணவர்க்கும் கொடுத்தார். மூச்சை உள்ளிழுக்குங்கால் அதன் குழாயிலுள்ள பந்து எழும். ஓட்டம் தளர்ந்தால் விழும். நுரையீரலைப் பெரிதாக்குவதன்று அதன் பயன். கண்ணுக்குப் புலனாகாத மூச்சைக் காட்டுவதேயாம். வாத்தியத்தைக் கையிலெடுத்தவுடன் பழைய இறுக்கமும் உடன் வரும். இக்கருவியிலோ அத்தகைய பழக்கம் ஏதுமில்லை. ஆதலின் நல்ல மூச்சை இங்கே பழகி, பின்னர் வாத்தியத்திற்குக் கொண்டுசெல்லுதல் எளிது.

ஆயினும், வாசிக்கும் வேளையில் சிந்தை மூச்சிலன்றி இசையிலேயே நிற்றல் வேண்டுமென்பது அவர் போதனையின் முடிபாகும்.