பள்ளி வாசலில் விருதுப் பலகை... எந்த ஆண்டு வாங்கியது?

செப்டம்பர் பிறந்துவிட்டால், பத்து வயதுப் பிள்ளை இருக்கும் இங்கிலாந்து வீடுகளில் ஒரே பேச்சுதான்: அடுத்த ஆண்டு எந்த செகண்டரி பள்ளி? அக்டோபர் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் எது கிடைத்தது என்பது மார்ச் 1 வாக்கில் தெரியும். நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் வீடு மாறுகிறவர்களும் உண்டு. லண்டன் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கவலை பழகியதுதான்.

பள்ளியைப் பார்க்கப் போனால் முதலில் கண்ணில் படுவது வாசலில் வரிசையாக இருக்கும் விருதுப் பலகைகள். அவற்றை நம்பலாமா?

ஒரு பழைய கதையைப் பார்ப்போம். 1990-களில் அங்கே 'ஸ்பெஷலிஸ்ட் ஸ்கூல்' என்ற சிறப்புத் தகுதி வந்தது. தொழில்நுட்பத்தில் தொடங்கி மொழிகள், விளையாட்டு, கலை, அறிவியல், இசை என்று பத்துத் துறைகளாக விரிந்தது. இதைப் பெற, பள்ளி முதலில் நன்கொடையாளர்களிடம் பணம் திரட்ட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு லட்சம் பவுண்டு. பிறகு 50,000 ஆகக் குறைத்தார்கள். வளர்ச்சித் திட்டமும் எழுதித் தர வேண்டும். தேர்வானால் அரசின் கூடுதல் நிதி கிடைக்கும்.

பலன் இல்லாமல் இல்லை. ஆய்வகம், மைதானம், இசை அறை எனப் பல பள்ளிகள் வசதி பெற்றன. ஆனால் 2010 வாக்கில் பத்துப் பள்ளிகளில் ஒன்பதுக்கு மேல் 'சிறப்புப் பள்ளி' ஆகிவிட்டன. எல்லோருமே சிறப்பு என்றால் பெற்றோர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? 2011-ல் அதற்கென்று ஒதுக்கிய நிதியும் நின்றது. அதன் பிறகும் சில பள்ளிகளின் பெயரில் 'ஸ்போர்ட்ஸ் காலேஜ்' என்ற ஒட்டு மட்டும் தொடர்ந்தது.

இன்னொரு பாடமும் உண்டு. அரசுப் பள்ளிகளை ஆய்வு செய்யும் அமைப்பு 'ஆஃப்ஸ்டெட்'. அது முன்பு தந்த மிக உயர்ந்த மதிப்பீடு 'அவுட்ஸ்டாண்டிங்'. அதை வாங்கிய பள்ளிகளுக்கு 2012 முதல் 2020 வரை வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு இருந்தது. சில பள்ளிகளுக்குப் பத்தாண்டு தாண்டியும் ஆய்வாளர் வரவில்லை. அதற்குள் தலைமை ஆசிரியர் மாறியிருக்கலாம், நல்ல ஆசிரியர்கள் ஓய்வு பெற்றிருக்கலாம். வாசலில் பலகை மட்டும் அப்படியே இருக்கும்! ஒற்றைச் சொல்லில் மொத்தப் பள்ளியையும் மதிப்பிடும் அந்த முறையையே 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்குக் கைவிட்டார்கள்.

அதற்காக விருதே வீண் என்று சொல்லிவிட முடியாது. நம் ஊர்ப் பள்ளிகளும் வாங்கிய பிரிட்டிஷ் கவுன்சிலின் 'இன்டர்நேஷனல் ஸ்கூல் அவார்ட்' மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்று இருந்தது. தொடர வேண்டுமானால் மறுபடி உழைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்படிக் காலக்கெடு உள்ள விருதுக்கு மதிப்பு அதிகம்.

எந்த ஊரானாலும் விருதுப் பலகையைப் பார்த்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

* கொடுத்தது யார்?
* எந்த ஆண்டு?
* நேரில் வந்து பார்த்துக் கொடுத்தார்களா, பணம் கட்டி வாங்கியதா?
* அந்த விருதால் என் பிள்ளையின் வகுப்பில் இன்று என்ன நடக்கிறது?

கடைசிக் கேள்விக்குப் பதில் அலுவலக அறையில் கிடைக்காது. இசைக்கு விருது வாங்கிய பள்ளியா? இசை அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வாத்தியங்களில் தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகளின் கைபட்டுத் தேய்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்.