காலத்தை மீட்டல்: காமன் கூத்தும் ஒரு கணினி விளையாட்டும்

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களில் மாசி மாதத்து வளர்பிறையில் தொடங்கிப் பல இரவுகள் நிகழ்த்தப்படும் காமன் கூத்து, சிவனால் எரிக்கப்பட்ட மன்மதன் மீண்டும் உயிர்பெறுவதோடு நிறைவெய்துகின்றது. யப்பானிய நிறுவனமான ஸ்குவெயர் 1995 இல் வெளியிட்ட குரோனோ ட்ரிக்கர் என்னும் விளையாட்டு இன்று கைத்தொலைபேசியிலும் ஆடக் கிடைக்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவது பொருந்தாச் செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும், நிகழ்ந்ததை நிகழாததாக்கும் வேட்கை இரண்டுக்கும் பொதுவானது. அவ்வேட்கையின் சமூக அடிப்படையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குரோனோ ட்ரிக்கர், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வகையைச் சார்ந்தது. ஹிரோனோபு சக்காகுச்சி, யூஜி ஹொரீ, ஓவியர் அகிரா தொரியாமா ஆகியோர் அதன் உருவாக்கத்தில் முதன்மையானோர். போர்க்காட்சிகளிலே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நேரப்பட்டை உண்டு. அது நிரம்பியதும் அப்பாத்திரத்தின் முறை வரும். தாயத்திற்போல, முறைக்குக் காத்திருத்தலும் இங்கு ஆட்டத்தின் பகுதியே. கதைமாந்தர் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட காலந்தொட்டுக் கி.பி. 2300 வரை பயணஞ்செய்வர். 1999 இல் லாவோஸ் என்னும் பேருயிரி உலகை அழிப்பதைத் தடுப்பதே அவர்தம் இலக்கு. ஒரு காலத்திற் செய்த செயலின் விளைவு பிறிதொரு காலத்தில் வெளிப்படும். ஆடுபவரின் தெரிவுக்கேற்பப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் உள்ளன.

கதையின் இடைவழியில் நாயகன் குரோனோ மாய்கின்றான். தோழர்கள் ஒரு கொடுமலையில் ஏறி, அவன் மாய்ந்த கணத்துக்கே திரும்பி, காலம் உறைந்துநிற்கையில் அவன் இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்தி அவனை மீட்பர். மீட்காமலே ஆட்டத்தை முடிக்கவும் இயலும். அங்கே மலையேற்றம் செய்யும் பணியைக் காமன் கூத்தில் ரதியின் ஒப்பாரி செய்கின்றது. ஒரு கதைக்கு ஒரே முடிவுதான் என்ற கட்டுப்பாடு இன்மையும் நம் மரபுக்குப் புதிதன்று. தஞ்சைப் பகுதி லாவணியில் காமன் எரிந்தான் என ஒரு கட்சியும், எரியவில்லை என மறு கட்சியும் முறைவைத்து வாதிட்டுப் பாடியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இத்தகைய கற்பனைகளை வெறும் தப்பியோடல் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால், தொன்மங்களின் வேர் உழைக்கும் மக்களின் விருப்பங்களிலே உள்ளது என்பதை மாக்சிம் கார்க்கி 1934 இல் சோவியத் எழுத்தாளர் மாநாட்டில் வலியுறுத்தினார். விளையாட்டிலும் இவ்வேரைக் காணலாம். அதில் வரும் சீல் என்னும் இராச்சியத்தில் மந்திர ஆற்றலுடையோர் முகில்களுக்கு மேல் மிதக்கும் தீவுகளில் வாழ, அஃதில்லாதோர் கீழே பனிசூழ்ந்த குகைகளில் வாழ்கின்றனர். பிறிதோரிடத்தில், பாலையை வனமாக்கும்பொருட்டு றோபோ என்னும் இயந்திரத் தோழனை கி.பி. 600 இல் விட்டுச்செல்வர். கி.பி. 1000 இல் அங்கே காடு செழித்திருக்கும். பயணிகளுக்கு அது ஒரு நொடி. உழைத்தவனுக்கோ நானூறு ஆண்டுகள். காலத்தைத் தாண்டுவோரும் காலத்தை உழைப்பாற் கடப்போரும் ஒருவரல்லர் என்ற உண்மையை, ஆக்கியோர் கருதினரோ இல்லையோ, இக்காட்சி புலப்படுத்திவிடுகின்றது.

மாத்தளை மக்களுக்கு இவ்வுண்மை அந்நியமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். றோபோ காட்டை ஆக்கினான். இவர்களோ காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டனர். றோபோவின் காடு அவனுக்குக் கோயிலாயிற்று; இவர்களின் மலையோ இவர்களுக்குச் சொந்தமாகவில்லை. தோட்டத்திலே காலம் கொழுந்தின் நிறையால் அளக்கப்படுகிறது. நிறை குறைந்தால் முழுநாள் உழைப்பும் 'அரைப்பேர்' ஆகிவிடும். பகலெல்லாம் பிறருடைமையான காலத்தை இரவிலே தமதாக்கிக்கொள்வோரின் கலையே காமன் கூத்து. மரணத்தைத் திருப்பும் கதை அவர்களிடையே நிலைபெற்றமை தற்செயலன்று.

எனினும், கூத்துக்கும் விளையாட்டுக்குமிடையே அடிப்படை வேறுபாடொன்று உண்டு. கூத்தில் மீட்பு கூட்டு நிகழ்வு; தப்படிப்போரும் வேடமேற்போரும் நோன்பிருப்போரும் சேர்ந்தே காமனை எழுப்புகின்றனர். விளையாட்டில் தோழமை கதைக்குள் அடங்கியிருக்க, தெரிவு செய்பவர் திரைமுன் தனித்திருக்கின்றார். அவர் நுகர்வது ஒரு சந்தைப் பண்டம்.

வரலாற்றுக்குப் பின்செல்லும் வழியில்லை. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பறிக்கப்பட்ட குடியுரிமையில் எஞ்சியோருக்குரியதை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் மீட்டளித்தது. ஆனால், 1964 ஒப்பந்தத்தின்படி கப்பலேறியோரையும், நாடற்றோராகவே மாண்டோரையும் எச்சட்டமும் மீட்கவில்லை. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளை இடைவிடாக் கோரிக்கையாலும் போராட்டத்தாலுமே மக்கள் கடந்தனர். மீட்கவியலாதது எது, மாற்றத்தக்கது எது எனப் பகுத்தறியும் உணர்வே கூத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் நாம் பெறவேண்டிய பயனாகும்.