இன்ஜின் இல்ல, பெட்ரோல் இல்ல... ஆனா 100 கி.மீ வேகம்! காற்றை நம்பி ஒரு கிளைடர் ரேஸ்

ஆடி மாசம் மில்லர்புரத்துல மொட்டை மாடியில துணி காயப்போட்டிருக்கீங்களா? கிளிப் மாட்ட மறந்தா, சட்டையைப் பக்கத்துத் தெருவுலதான் போய்த் தேடணும். அந்தக் காற்றை மட்டுமே நம்பி ஒரு குட்டி விமானம் மணிக்கு 100 கி.மீ வேகத்துல ரேஸ் ஓடும்னு சொன்னா நம்புவீங்களா?

அதுதான் 'ஸ்லோப் கிளைடர் ரேஸிங்'. கையில ரிமோட், எதிர்ல கடல், காலடியில மேட்டுச் சரிவு. விமானத்துல மோட்டாரே கிடையாது. உள்ளே இருக்கிற பேட்டரி, இறக்கையையும் வாலையும் அசைக்க மட்டும்தான்.

அப்போ எப்படிப் பறக்குது?

கடல்ல இருந்து வர்ற காற்று மேட்டுல மோதினா, வேற வழியில்லாம மேல ஏறும். கிளைடரோ எப்பவும் கொஞ்சம் கொஞ்சமா கீழே சறுக்கிக்கிட்டே இருக்கும். மேலே போற எஸ்கலேட்டர்ல நீங்க கீழ்நோக்கி நடந்தா எப்படி இருக்கும்? நடந்துக்கிட்டே இருப்பீங்க, ஆனா கீழே போய்ச் சேர மாட்டீங்க. இதுவும் அதே கதைதான். காற்று தூக்குது, கிளைடர் சறுக்குது. அந்தச் சறுக்கல்தான் வேகமா மாறுது.

ரேஸ் எப்படி நடக்கும்?

சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு இதுக்கு வெச்சிருக்கிற பெயர் 'எஃப்3எஃப்'. 2012-ல ஜெர்மனியோட ரூகன் தீவுல இதுக்கு உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 2016-ல டென்மார்க் கடற்கரையில நடந்தது.

விதி ரொம்ப சிம்பிள். சரிவை ஒட்டி 100 மீட்டர் இடைவெளியில ரெண்டு எல்லைகள். அதுக்குள்ள 10 தடவை போகணும், மொத்தம் 1 கி.மீ. ஒருத்தர் முடிச்ச பிறகுதான் அடுத்தவர். எல்லையைத் தாண்டினதும் நடுவர் பட்டனை அழுத்துவார், 'பீப்'னு சத்தம் வரும். உடனே திருப்பணும். சீக்கிரமே திருப்பிட்டா பீப் வராது, திரும்பவும் போய் எல்லையைத் தொட்டுட்டு வரணும். தாமதமா திருப்பினா நேரம் போச்சு. மொத்தத்தையும் 36 விநாடியில முடிச்சா, சராசரி வேகம் மணிக்கு 100 கி.மீ!

இதுல ஒரு நியாயமான கேள்வி வரும். எனக்கு அடிச்ச காற்று உங்களுக்கு அடிக்கலைன்னா? அதனாலதான் ஒரே ரவுண்டோட முடிக்க மாட்டாங்க. வார இறுதி முழுக்கப் பல ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டுலயும் வேகமானவருக்கு 1,000 புள்ளி, மத்தவங்களுக்கு நேரத்துக்கு ஏத்த விகிதத்துல. போதுமான ரவுண்டுகள் முடிஞ்சா, ஒவ்வொருத்தரோட மோசமான ஸ்கோரையும் கழிச்சிடுவாங்க. காற்று விநாடிக்கு 3 மீட்டருக்குக் கீழே இறங்கினாலோ, 25 மீட்டரைத் தாண்டினாலோ ரேஸ் நிக்கும்.

காற்று கூடினா எடையைக் கூட்டு!

பலமான காற்றுல விமானம் லேசா இருக்கணும்னுதானே நினைப்போம்? நிஜம் தலைகீழ். இறக்கைக்குள்ள உலோகத் துண்டுகளைச் செருகி எடையை ஏத்துவாங்க. கனமான கிளைடர் வேகமா சறுக்கும், காற்றைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். ஆனா போட்டி விதிப்படி 5 கிலோவைத் தாண்டக் கூடாது. திடீர்னு காற்று செத்தா, அதே எடையே எமன். மோட்டார் இல்லாததால ரெண்டாவது சான்ஸ் கிடையாது. மாசக்கணக்குல காசு சேர்த்து வாங்கின கார்பன் ஃபைபர் கிளைடர் பாறையில நொறுங்கிடும்.

நம்ம ஊர்ல?

காற்றுக்கு நமக்குப் பஞ்சமே இல்ல. 1986-லயே தூத்துக்குடி பக்கத்துல முள்ளக்காட்டுல காற்றாலை வெச்சாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடியே, பாய் விரிச்ச தோணிகள் இங்கிருந்து கொழும்புக்குச் சரக்கு கொண்டுபோயிருக்கு. ஆனா ஸ்லோப் கிளைடருக்குக் காற்று மட்டும் போதாது, அது சரிவுல நேரா மோதணும்.

மணப்பாடு மேட்டையே எடுத்துக்கோங்க. கிழக்கே இருந்து கொண்டல் அடிச்சா, கடல் பக்கச் சரிவுல காற்று மேலே ஏறும். அதே சரிவுல, மேற்கே இருந்து கச்சான் அடிக்கிற நாள்ல காற்று கீழே இறங்கிச் சுழலும். அன்னிக்குக் கிளைடரை விட்டா நேரா கடலுக்குத்தான். அதே மேடு, அதே கிளைடர், காற்று மட்டும்தான் வேற.

ஆசை வந்துடுச்சா?

முதல்ல விலை குறைஞ்ச ஃபோம் கிளைடர்ல ஆரம்பிங்க. தலைக்கு மேல கூட்டம் இருக்கிற இடத்துல வேண்டவே வேண்டாம். ரேஸ்லயே ஆட்கள் நிக்கிற பக்கம் பாதுகாப்புக் கோடு உண்டு, தாண்டினா அபராதப் புள்ளி. நம்ம பக்கம் துறைமுகம், அனல்மின் நிலையம், வாகைக்குளம் விமான நிலையம்னு எல்லாமே இருக்கு. அதனால பறக்கவிடுறதுக்கு முன்னாடி, டி.ஜி.சி.ஏ-வோட 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்துல அந்த இடம் எந்த மண்டலத்துல வருதுன்னு கட்டாயம் பாருங்க. ட்ரோன் விதிகள் 2021, இந்த மாதிரி ரிமோட் கிளைடருக்கும் பொருந்தும்.

அப்புறம், ரிமோட்டைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் கடற்கரையில மீன்பிடிக்கப் போற ஓர் அண்ணாச்சிகிட்ட பேச்சுக் கொடுங்க. "இன்னிக்கு என்ன காத்து அண்ணாச்சி?"ன்னு கேளுங்க. இந்த விளையாட்டோட முதல் பாடம் அதுதான்.