துருவத்துக்குப் போவானேன்? செண்பகனூருக்குப் போங்கள்!

பூமியின் தென்கோடியில் அண்டார்டிகா என்று ஒரு கண்டம் இருக்கிறது. அங்கே ஊர் இல்லை. வயல் இல்லை. மரம்கூட இல்லை. திரும்பிய பக்கம் எல்லாம் பனிக்கட்டி.

அந்தப் பனிக்கட்டியைப் பார்ப்பதற்குச் சமீப காலமாக ஒவ்வொரு பருவத்திலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கப்பல் ஏறுகிறார்கள். தென் அமெரிக்காவின் நுனியில் உசுவாயா என்ற துறைமுகம். பெரும்பாலான கப்பல்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. இரண்டு நாள் கொந்தளிக்கும் கடல். அதைத் தாண்டினால் பனி நாடு. தலைக்குப் பல லட்சம் ரூபாய் செலவு.

இவ்வளவு பணத்தைக் கொட்டி, குளிரில் நடுங்கிக்கொண்டு ஏன் போகிறார்கள்? இரண்டு ஆசைகள்.

ஒன்று, முன்னோர் காலடியைப் பார்க்கும் ஆசை. நார்வே நாட்டு ஆமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தை மிதித்தார். இங்கிலாந்துக்காரர் ஸ்காட் 1912 ஜனவரி 17 அன்று அங்கே போய்ச் சேர்ந்தார். திரும்பும் வழியில் பனியிலேயே உயிர் விட்டார். ஷாக்கிள்டன் என்ற மற்றொரு வீரரின் கல்லறை தெற்கு ஜார்ஜியாத் தீவில் இருக்கிறது. கப்பல் பிரயாணிகள் அதன் முன் நின்று மரியாதை செலுத்துகிறார்கள்.

மற்றொன்று, அங்கே வாழும் பிராணிகளைப் பார்க்கும் ஆசை. பெங்குவின், கடல்நாய், திமிங்கிலம் ஆகியவற்றை அவை வாழும் இடத்திலேயே காணலாம்.

"நமக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்று பெருமூச்சு விட வேண்டாம். இந்த இரண்டு ஆசையும் ஒரே இடத்தில் தீரும் மலை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கப்பல் வேண்டாம், பஸ் போதும். அந்த இடம்தான் திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரில், கோடைக்கானலுக்குச் சற்றுக் கீழே உள்ள செண்பகனூர்.

வானத்தில் ஒரு தீவு

கடலுக்கு நடுவே இருப்பது தீவு. பழனி மலையும் ஒரு தீவுதான். அதைச் சுற்றி இருப்பது வெயில் என்னும் கடல்!

வத்தலக்குண்டில் வேர்வை வழிய பஸ் ஏறுகிறோம். மலைப்பாதையில் வளைந்து வளைந்து வண்டி ஏறுகிறது. பெருமாள்மலை வருவதற்குள் காதை மூடிக்கொள்ளத் துண்டு தேடுகிறோம். கோடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். மார்கழி, தை மாதக் காலைகளில் பள்ளத்துப் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும்.

இந்தக் குளிரில் பிழைத்துப் பழகிய மரங்களும் குருவிகளும் கீழே இறங்கி வாழ முடியாது. அடுத்த மலைக்குப் போகலாம் என்றால் நடுவே வெயில் காயும் சமவெளி. ஆகவே, அவை மலை உச்சியிலேயே தங்கிவிட்டன. அறிஞர்கள் இப்படிப்பட்ட மலைகளை 'வானத் தீவுகள்' என்று சொல்கிறார்கள்.

சிவந்த பூக்கள் பூக்கும் காட்டுப்பூவரசு மரம் இந்த மலையில் உண்டு. அதன் நெருங்கிய உறவு மரங்கள் இமயமலையில் இருக்கின்றன. இடையில் எத்தனையோ நூறு மைல் தூரத்துக்கு அந்த மரம் கிடையாது! உலகமே குளிர்ந்து கிடந்த பனிக்காலத்தில் குளிர்நாட்டுச் செடிகள் தெற்கே பரவின. பிறகு வெப்பம் கூடியதும் அவை மலை உச்சிகளில் மட்டும் எஞ்சின என்பது அறிஞர் கருத்து.

முதலில் ஏறியவர் யார்?

கோடைக்கானலைக் கண்டுபிடித்தவர் வெள்ளைக்காரர் என்று சொல்வது உண்டு. அது பாதி உண்மைகூட இல்லை.

பளியரும் புலையரும் தொன்றுதொட்டு இந்த மலையில் வாழ்கிறார்கள். மலையில் விவசாயம் செய்யும் குன்னுவரும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே குடியேறினார்கள். அவர்களுக்கும் முந்திய மக்கள் வைத்துப்போன அடையாளமும் இருக்கிறது. பெரிய பலகைக் கற்களைச் சுவர் போல நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடியாக வைத்த கல்திட்டைகளே அவை. தாண்டிக்குடி முதலிய இடங்களில் இவற்றைக் காணலாம். இறந்தவர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை இவை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையவை.

வெள்ளைக்காரர் செய்தது வேறு காரியம். பார்த்ததைக் காகிதத்தில் எழுதி வைத்தார்கள்.

1821ஆம் ஆண்டில் லெப்டினென்ட் வார்டு என்ற அதிகாரி நில அளவைக்காக மலை ஏறினார். குன்னுவர் வாழ்ந்த வெள்ளகவி கிராமத்தின் வழியாக அவர் மேலே வந்தார். ஊர் மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதை அது. பாதை இல்லாமல் வார்டு ஏது?

செண்பகனூரில் ஒரு பங்களா

1834இல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன், ரெவினியூ போர்டு அங்கத்தினர் காட்டன் ஆகிய இருவரும் பெரியகுளத்திலிருந்து ஏறி வந்தார்கள். அடுக்கம் கணவாயின் தலைப்பில், செண்பகனூருக்கு அருகே ஒரு சிறு பங்களா கட்டினார்கள். கோடைக்கானல் நகரம் பிறப்பதற்கு முன்பே செண்பகனூர்ப் பக்கத்தில் விளக்கு எரிந்தது!

1836இல் டாக்டர் ராபர்ட் வைட் வந்தார். இவர் ஸ்காட்லாந்துக்காரர். வைத்தியம் படித்தவர், ஆனால் மனமெல்லாம் செடிகொடிகளின் மேல். மலையில் கண்ட செடிகளைச் சேகரித்து, அடுத்த ஆண்டு சென்னையில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் எழுதினார். பின்னாளில் இவர் வெளியிட்ட தாவர நூல்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. ரங்கையா, கோவிந்து என்ற இரு தென்னாட்டு ஓவியர்களின் கைவண்ணம் அவற்றில் நிறைந்திருக்கிறது.

பிறகு மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள் வந்தார்கள். சமவெளியின் காலராவும் காய்ச்சலும் அவர்கள் குடும்பங்களைச் சூறையாடின. உயிர் தப்பக் குளிர்ந்த இடம் தேடினார்கள். 1845இல் கோடைக்கானலில் அவர்களுடைய முதல் இரண்டு வீடுகள் எழுந்தன.

அந்தக் காலத்தில் மலை ஏறுவது லேசான காரியம் அல்ல. அடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் நடை, அல்லது குதிரை. பெண்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏறினார்கள். பிரயாணிகள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. சுமந்தவர்கள் பெயர் இல்லை.

துருவத்துக்கும் இந்த மலைக்கும் உறவு

இங்கே ஓர் ஆச்சரியம்.

1839இல் இங்கிலாந்திலிருந்து 'எரிபஸ்', 'டெரர்' என்ற இரண்டு கப்பல்கள் தென் துருவக் கடலை ஆராயப் புறப்பட்டன. தலைவர் ஜேம்ஸ் ராஸ். அந்தக் கப்பலில் 22 வயது வாலிபர் ஒருவர் இருந்தார். பெயர் ஜோசப் ஹூக்கர். நான்கு ஆண்டுகள் தென்கடலில் சுற்றி, தீவு தீவாகச் செடிகளைச் சேகரித்தார்.

அதே ஹூக்கர் பிற்காலத்தில் இந்தியச் செடிகள் எல்லாவற்றையும் பற்றி ஏழு பாகங்கள் கொண்ட பெரிய நூலை உருவாக்கினார். 1872 முதல் 1897 வரை அது வெளிவந்தது. டாக்டர் வைட் தென்னாட்டில் சேகரித்த செடிகளும் லண்டன் அருகே உள்ள கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து, அந்த வேலைக்கு உதவின. துருவப் பனியைக் கண்ட அதே கண்கள், நம் மலைநாட்டுச் செடிகளையும் ஆராய்ந்தன!

பாதிரியார்கள் சேர்த்த செல்வம்

1895இல் ஏசு சபைப் பாதிரியார்கள் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். மாணவர்களும் ஆசிரியர்களும் ஓய்வு நேரத்தில் காட்டில் நடந்தார்கள். கண்டதை எல்லாம் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதுவே இயற்கைப் பொருட்காட்சிசாலையாக வளர்ந்தது. பாடம் செய்த மிருகங்கள், பறவைகள், பாம்புகள், பட்டாம்பூச்சிகள், வண்டுகள், பழங்கால மக்களின் பொருள்கள் என்று அங்கே சேர்ந்தவை ஏராளம். மரத்தில் ஒட்டி வளரும் ஆர்க்கிட் செடிகளுக்கு என்று தனித் தோட்டமும் அமைத்தார்கள்.

ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் மலையின் கல்திட்டைகளைத் தேடி அளந்தார்கள். அவர்கள் எழுதியதைத் தொல்பொருள் இலாகா 1928இல் நூலாக வெளியிட்டது. பாதிரியார் போரோ பாறையிலும் மரத்திலும் படியும் பாசிகளை ஆராய்ந்து, 1961இல் எழுதினார். காலில் வழுக்கும் பாசிக்காக ஒரு மனிதர் ஆயுளைக் கொடுத்தார்!

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார் கே. எம். மாத்யூ இந்த வரிசையில் வந்தவர். பழனி மலையின் செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1999இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. 2004இல் அவர் காலமானார்.

உயிருள்ள பொருட்காட்சி

பாடம் செய்த மிருகத்தைப் பார்த்தாயிற்று. உயிருள்ளதைப் பார்க்க வேண்டாமா? வெளியே வந்து சோலை ஓரமாக நில்லுங்கள். விடியற்காலையே நல்ல நேரம். பேசக் கூடாது.

மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டை மரக்காடுதான் சோலை. அதன் புதரில் சிரிப்பது போன்ற ஒரு குரல் கேட்கும். அதுதான் பழனிச் சிரிப்பான். ஃபேர்பாங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் இந்த மலையில் சேகரித்த பறவையை வைத்து, 1869இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். விஞ்ஞானப் பெயரிலும் அவர் பெயர் இருக்கிறது. இங்கே வாழும் மற்றொரு நீல நிறக் குருவியை அறிஞர்கள் 'சோலைக்கிளி' என்ற பெயரால் அழைக்கிறார்கள்.

கிளைகளில் கருமந்தி தாவும். நீண்ட வாலுடன் மலை அணில் ஓடும். புல்வெளியில் காட்டுமாடு மேயும். கோடைக்காரர்கள் இதைக் காட்டெருமை என்கிறார்கள். கால்களில் வெள்ளைக் காலுறை போட்டது போல் இருக்கும். பெரிய காளை ஒன்று ஆயிரம் கிலோ வரை எடை இருக்கும். இவற்றுக்காகத்தான் 2013இல் கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 600 சதுர கிலோமீட்டர்.

குறிஞ்சி பார்க்க வேண்டுமானால் பொறுமை தேவை. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும். 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அடுத்த முறை 2030.

ஐந்து மீட்டர் தூரம்

அண்டார்டிகாவுக்குப் போகிற பணக்காரப் பிரயாணிக்குச் சட்டம் கடுமை. கரையில் இறங்கும் முன் பூட்ஸைக் கழுவ வேண்டும். ஒரு புல் விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. பெங்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கரையில் தின்பண்டம் கூடாது. ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

நம் மலையில் என்ன நடக்கிறது? குரங்குக்கு முறுக்கு வீசுகிறோம். காட்டுமாட்டின் அருகே குழந்தையை நிறுத்திப் படம் எடுக்கிறோம். அது ஒரு முறை தலையைத் திருப்பினால் போதும், உயிருக்கு ஆபத்து. தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019இல் தடை வந்தும், ஓடைகளில் பைகள் மிதக்கின்றன. கூட்டம் தாங்காமல், 2024 மே மாதம் முதல் வண்டிகளுக்கு 'இ-பாஸ்' முறையைக் கொண்டுவர ஐகோர்ட் உத்தரவிட வேண்டியதாயிற்று.

விதையைப் பற்றிய பயம் வீண் பயம் அல்ல. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று வெளிநாட்டு வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை இந்த மலையில் நட்டார்கள். வாட்டில் மரம் தானாகவே பரவியது. 1973 முதல் 2014 வரை பழனி மலையின் மேட்டுப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

"புல்தானே, போனால் போகட்டும்" என்று சொல்லலாமா? கூடாது. மழை நீரைப் பஞ்சு போல் உறிஞ்சி, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடையில் விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். பெரியகுளத்து மக்கள் குடிக்கும் தண்ணீர் மலை மேல் உள்ள பேரிஜம் ஏரியிலிருந்து வருகிறது. வடக்குச் சரிவின் ஓடைகள் பழனிப் பக்கத்து வயல்களை நனைக்கின்றன. மலையில் புல் போனால் கீழே குடம் காலி!

எப்படிப் போவது?

கோடைக்கானல் ரோடு ரயில் நிலையத்திலோ வத்தலக்குண்டிலோ இறங்கினால் பஸ் கிடைக்கும். வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டியதும் செண்பகனூர். கோடைக்கானலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர். காலையில் சோலை ஓரம் பறவை பாருங்கள். வெயில் ஏறியதும் பொருட்காட்சிசாலைக்குப் போங்கள். திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. காட்டுக்குள் நுழைய வன இலாகா அனுமதி அவசியம். குழந்தைகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுங்கள். கண்ட பறவையை, பூவை, பூச்சியை அவர்கள் எழுதட்டும், படம் வரையட்டும்.

வார்டும் வைட்டும் பாதிரியார்களும் செய்தது அதுதான். பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள். அவர்கள் எழுதி வைத்ததால்தான் இந்த மலையில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிகிறது. என்ன குறைந்தது என்பதும் தெரிகிறது.

துருவத்துப் பெங்குவினுக்கு உலகமே காவல் நிற்கிறது. பழனிச் சிரிப்பானுக்கு நம்மை விட்டால் யார் காவல்? அண்டார்டிகாவில் ஐந்து மீட்டர் தள்ளி நிற்பவர்கள் அயல்நாட்டு விருந்தாளிகள். இந்த மலையோ நம் வீடு. சொந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் என்ன?

போய் வாருங்கள். பார்த்ததை மனத்தில் எடுத்து வாருங்கள். கொண்டுபோன குப்பையையும் கையோடு எடுத்து வாருங்கள்!