குழாய்ப் பற்றவைப்புப் பயிற்சி

குழாய்ப் பற்றவைப்பு (பைப் வெல்டிங்) என்பது நீராவி, எண்ணெய், எரிவாயு, அழுத்தக் காற்று, தண்ணீர் போன்றவற்றைக் கொண்டுசெல்லும் உலோகக் குழாய்களை உருக்கி இணைக்கும் தொழில்திறன் ஆகும். தகடுகளை இணைக்கும் சாதாரண வெல்டிங்கைக் கற்ற ஒருவர், மேலும் பல மாதங்கள் பயிற்சி பெற்ற பின்னரே இத்திறனை அடைகிறார். குழாயின் உட்பக்கத்தைப் பார்க்கவோ தொடவோ முடியாத நிலையில், வெளியில் நின்றுகொண்டே உட்பக்க இணைப்பைச் சரியாக அமைக்க வேண்டியிருப்பதே இதற்குக் காரணம். இத்திறனை நூலறிவால் மட்டும் பெற முடியாது. கற்பவர் தாம் செய்த இணைப்பை வெட்டிப் பார்ப்பதும், அனுபவமுள்ள பயிற்றுநர் அதிலுள்ள குறையின் காரணத்தைக் காட்டுவதும் மீண்டும் மீண்டும் நடக்க வேண்டும்.

தகடும் குழாயும்

தகட்டில் வெல்டிங் செய்பவரின் கை ஒரே திசையில் நேராகச் செல்கிறது. குழாயில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ராடு (மின்வாய்) பிடிக்கும் கோணம் மாற வேண்டும். பயிற்சியில் அதிகம் பயன்படும் 2 அங்குலக் குழாயின் வெளி விட்டம் 60.3 மி.மீ. அதன் சுற்றளவு ஏறத்தாழ 189 மி.மீ., அதாவது ஒரு சாணுக்கும் குறைவு. குழாய் கிடைமட்டமாகப் பொருத்தப்பட்டிருந்தால், அந்த ஒரு சாண் தூரத்துக்குள் வெல்டர் தலைக்கு மேலான நிலை, செங்குத்து நிலை, தட்டையான நிலை ஆகிய மூன்றையும் கடக்கிறார்.

குழாய் வைக்கப்படும் விதத்தைக் குறிக்க எண்கள் உள்ளன:

1ஜி: குழாய் கிடைமட்டமாக இருக்கும். அதைச் சுழற்றிக்கொண்டே மேற்பகுதியில் மட்டும் பற்றவைக்கலாம்.
2ஜி: குழாய் செங்குத்தாக நிற்கும். இணைப்பு கிடைமட்டமாகச் சுற்றி வரும்.
5ஜி: குழாய் கிடைமட்டமாக அசையாமல் இருக்கும். வெல்டரே சுற்றி வர வேண்டும்.
6ஜி: குழாய் 45 டிகிரி சாய்வில் அசையாமல் இருக்கும்.

3ஜி, 4ஜி ஆகியவை தகட்டுக்கான செங்குத்து, தலைமேல் நிலைகள். குழாயில் இவ்விரண்டும் 5ஜி-யிலேயே அடங்கிவிடுவதால் தனியாக இல்லை. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் (ஏஎஸ்எம்இ) விதித்தொகுப்பின் ஒன்பதாம் பிரிவுப்படி, 6ஜி நிலையில் தேறியவர் இடைவெளி இணைப்புகளை எல்லா நிலைகளிலும் செய்யத் தகுதி பெறுகிறார். வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் '6ஜி வெல்டர்' என்ற சொல் அடிக்கடி வருவதன் காரணம் இதுவே.

இணைப்பின் அடுக்குகள்

இரு குழாய்களின் முனைகளும் முதலில் சாய்வாகச் சீவப்படுகின்றன. சேர்த்து வைக்கும்போது அவற்றுக்கிடையே 'வி' வடிவப் பள்ளம் உருவாகும். அதன் மொத்தக் கோணம் பொதுவாக 60 முதல் 75 டிகிரி வரை இருக்கும். அடியில் ஏறத்தாழ 2.5 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டு, மூன்று அல்லது நான்கு இடங்களில் சிறிய 'டாக்' வைத்துக் குழாய்கள் நிறுத்தப்படுகின்றன.

பின்னர் நான்கு கட்டங்களில் பள்ளம் நிரப்பப்படுகிறது. முதலாவது வேர் அடுக்கு (ரூட்). இதுவே குழாயின் உட்சுவராக அமைகிறது. அடுத்தது அதை உறுதிசெய்யும் 'ஹாட் பாஸ்', மூன்றாவது பள்ளத்தை நிரப்பும் 'ஃபில்லிங்', கடைசியாக மேல்மூடியான 'கேப்பிங்'.

கேப்பிங் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். மீன்செதில் போல ஒழுங்காக அமைந்தால் பாராட்டும் கிடைக்கும். ஆனால் நீராவியின் அழுத்தத்தை முதலில் தாங்குவது கண்ணுக்குத் தெரியாத வேர் அடுக்குதான். அழகான மேல்மூடியின் கீழே உருகாத வேர் இருக்கலாம். இதைப் புரிந்துகொள்வதே இத்தொழிலின் முதற்பாடம்.

வேர் அடுக்கைக் கற்றல்

ராடு கொண்டு வேர் அடுக்கு இடும்போது, மின்வில்லின் வெப்பத்தால் இரு விளிம்புகளும் உருகி, உருகிய உலோகக் குழம்பின் முன்னே ஒரு சிறு துளை தோன்றும். இதற்குச் 'சாவித்துளை' என்று பெயர். உலோகம் உட்பக்கம் வரை சென்றுவிட்டது என்பதற்கு இத்துளையே சாட்சி. துளை மறைந்துவிட்டால் ஊடுருவல் நின்றுவிட்டது என்று பொருள். துளை பெரிதாகிக்கொண்டே போனால் வெப்பம் மிகுந்துவிட்டது, உலோகம் உள்ளே ஒழுகும். துளையை ஒரே அளவில் வைத்துக்கொண்டு சுற்றி வருவதே திறன்.

ஏறத்தாழ 6 மணி முதல் 12 மணி வரை என்று கடிகார முகத்தைக் கொண்டு குழாயின் இடங்களைக் குறிப்பிடுவது வழக்கம். மேல்நோக்கிப் பற்றவைக்கும் முறையில், அடியிலுள்ள 6 மணியில் தொடங்கி ஒரு பக்கமாக 12 மணி வரையும், பிறகு மறுபக்கமாக 12 மணி வரையும் செல்வார்கள்.

கற்பவரைக் குழப்பும் ஒரு செய்தி இங்கு உண்டு. ஒரே குழாயில் 12 மணி இடத்தில் உலோகம் உள்ளே அதிகமாகத் தொங்கும். 6 மணி இடத்தில் உட்பக்கம் குழிந்திருக்கும். இவை இரண்டு வெவ்வேறு பிழைகள் போலத் தோன்றினாலும் காரணம் ஒன்றே, புவியீர்ப்பு. மேற்பகுதியில் உருகிய உலோகம் கீழிறங்கினால் குழாயின் உட்புறம் செல்கிறது. அடிப்பகுதியில் அதே உலோகம் கீழிறங்கினால் வெல்டரை நோக்கி வெளியே வருகிறது. அந்தக் குழம்பு முழுவதும் விழாமல் தாங்கி நிற்பதற்குப் பாடநூலில் படிக்கும் பரப்பு இழுவிசையே காரணம். எனவே 6 மணியில் ராடை நன்கு உள்ளே அழுத்திக் குறுகிய மின்வில்லுடன் வேலை செய்ய வேண்டும். 12 மணியை நெருங்கும்போது வெப்பம் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொதிகலன் குழாய்களில் வேர் அடுக்கைப் பெரும்பாலும் 'டிக்' முறையில் இடுகிறார்கள். இதில் டங்ஸ்டன் முனையிலிருந்து மின்வில் எழும். ஆர்கான் வாயு காற்றை விலக்கிக் காக்கும். ஒரு கை டார்ச்சையும் மறுகை நிரப்புக் கம்பியையும் இயக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயானால் உட்புறமும் ஆர்கான் செலுத்த வேண்டும். இல்லாவிட்டால் உட்பக்கம் கருகி, துருவைத் தாங்கும் தன்மையை இழக்கும்.

பயிற்றுநரின் பங்கு

கற்பவர் தம் கையின் அசைவைத் தாமே முழுமையாகக் கவனிக்க முடியாது. கறுப்புக் கண்ணாடி வழியே அவர் பார்ப்பது உருகும் குழம்பை மட்டுமே. அருகில் நிற்கும் பயிற்றுநர் கோணத்தையும் வேகத்தையும் முழங்கை தாங்கியிருக்கும் விதத்தையும் பார்க்கிறார், ஓசையையும் கேட்கிறார். வேர் சரியாக ஊடுருவும்போது குழாயின் உள்ளிருந்து சீறும் ஒலி வரும். அது அடங்கினால் பிழை தொடங்கிவிட்டது.

வெட்டிய துண்டைப் பார்த்து, அது நடந்த கணத்தில் கை என்ன செய்தது என்று பின்னோக்கிச் சொல்வதே நல்ல பயிற்றுநரின் அடையாளம். சில எடுத்துக்காட்டுகள்:

வேர் உருகாமல் இருத்தல்: இடைவெளி குறைவு, மின்னோட்டம் குறைவு அல்லது வேகம் அதிகம்.
நுண்துளைகள்: ஈரமான ராடு, நீண்ட மின்வில், துரு அல்லது எண்ணெய். டிக் முறையில் காற்று வீசி ஆர்கானைக் கலைத்திருக்கலாம்.
உள்ளே சிக்கிய கசடு: முந்தைய அடுக்கைச் சுத்தியலாலும் பிரஷாலும் சரியாகச் சுத்தம் செய்யாமை.
ஓர அரிப்பு: மின்னோட்டம் அதிகம், அல்லது இரு ஓரங்களிலும் கணநேரம் நிற்காமல் கையை அசைத்தல்.
ஒரே இடத்தில் மட்டும் வரும் குறை: ராடு மாற்றி மீண்டும் தொடங்கிய இடத்தை கிரைண்டரால் சீவாமை, அல்லது உடல்நிலையை மாற்றும்போது கை தடுமாறியமை.

இதனால் ஒவ்வொரு குழாய்க்கும் ஆம்பியர், இடைவெளி, ராடின் வகை, எத்தனை மணி இடத்தில் என்ன குறை என்பவற்றை ஒரு நோட்டில் எழுதி வைப்பது பயன்தரும். பத்துக் குழாய்களுக்குப் பின் அந்த நோட்டைப் பார்த்தால், குறை திரும்பத் திரும்ப எங்கே வருகிறது என்பது மாணவருக்கே தெரிந்துவிடும். காரணம் தெரியாமல் நூறு குழாய் ஒட்டினால் தவறுதான் பழகிப்போகும்.

சோதனை

தேர்வுக் குழாய் முதலில் கண்ணால் பார்க்கப்படுகிறது. பின்னர் ஊடுகதிர்ப் படம் எடுக்கப்படும், அல்லது பட்டைகளாக வெட்டி வளைக்கப்படும். ஏஎஸ்எம்இ விதிப்படி 5ஜி, 6ஜி நிலைகளில் வளைவுச் சோதனைக்கு நான்கு பட்டைகள் தேவை. மெல்லிய குழாயில் இரண்டு பட்டைகள் மேற்பக்கம் வெளியே இருக்குமாறும், இரண்டு வேர்ப்பக்கம் வெளியே இருக்குமாறும் 'யு' வடிவில் வளைக்கப்படும். 3 மி.மீ.-க்கு மேற்பட்ட திறந்த குறை தெரிந்தால் பட்டை தேறாது.

தேர்ச்சி நிரந்தரமானதும் அன்று. ஒரு முறையில் ஆறு மாதங்கள் பற்றவைக்காமல் இருந்தால், அம்முறைக்கான தகுதி காலாவதியாகும் என்று அதே விதித்தொகுப்பு கூறுகிறது. கைப்பழக்கம் குறையும் என்பதை விதியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

விதிகள் வந்த வரலாறு

இக்கண்டிப்புக்குப் பின்னால் உயிரிழப்புகள் உள்ளன. 1905 மார்ச் 20 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டனில் ஒரு காலணி ஆலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் இறந்தனர். அதன்பின் அம்மாநிலம் கொதிகலன் சட்டம் இயற்றியது. ஏஎஸ்எம்இ-யின் முதல் கொதிகலன் விதித்தொகுப்பு 1914-ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தது. இந்தியாவில் 1923-இல் கொதிகலன் சட்டமும், 1950-இல் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளும் (ஐபிஆர்) வந்தன. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. கொதிகலனிலும் அதன் நீராவிக் குழாய்களிலும் வேலை செய்ய, ஐபிஆர் விதிப்படித் தேர்வு எழுதிச் சான்று பெற்ற வெல்டருக்கே அனுமதி உண்டு.

தமிழ்நாட்டில் இத்திறன் வேரூன்றியதில் திருச்சிராப்பள்ளிக்குத் தனி இடம் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் அமைந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை 1965-இல் திருவெறும்பூரில் இயங்கத் தொடங்கியது. அனல்மின் நிலையக் கொதிகலன் ஒன்றில் ஆயிரக்கணக்கான குழாய் இணைப்புகள் உண்டு. அவற்றில் ஒன்று கசிந்தாலும் உற்பத்தியை நிறுத்த வேண்டிவரும். 1975-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆராய்ச்சியோடு பயிற்சியும் அங்கு நடைபெறுகிறது.

ஓசூர், ஜவளகிரிப் பகுதி

ஜவளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். யானைகள் நடமாடும் காடும் கேழ்வரகு வயல்களும் சூழ்ந்த இப்பகுதி இளைஞர்களுக்கு அருகிலுள்ள தொழில் நகரம் ஓசூர். ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்களில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. ஓசூரில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் உள்ளது. படிப்பு முடிந்தபின் 1961-ஆம் ஆண்டுத் தொழில்பழகுநர் சட்டத்தின்கீழ் ஆலைகளில் பழகுநராகச் சேரலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். ஓசூரின் பெயர்பெற்ற வாகன ஆலைகளில் மெல்லிய தகடுகளை இணைக்கும் மிக் வெல்டிங்கும் ரோபோ வெல்டிங்கும் மிகுதி. அங்கு பெறும் அனுபவம் மதிப்புள்ளதே, எனினும் அது குழாய்ப் பற்றவைப்பு ஆகாது. கொதிகலன் அறை, அழுத்தக் காற்றுக் குழாய், தீயணைப்புக் குழாய், மருந்து மற்றும் உணவு ஆலைகளின் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஆகிய பணிகளைப் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனங்கள் செய்கின்றன. அங்கே மூத்த வெல்டர் ஒருவரிடம் உதவியாளராக முனை சீவுவது, டாக் வைப்பது, கசடு நீக்குவது என்று தொடங்குவது வீண்வேலை அன்று. முனையைச் சரியாகச் சீவத் தெரிந்தவருக்கே இடைவெளியின் அருமை தெரியும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இவ்வட்டாரத்தில், சொல்லி விளக்குவதைவிடக் கையைப் பிடித்துக் காட்டுவதே பல நேரங்களில் எளிதாக இருக்கும்.

ஓராண்டுப் படிப்பின் சான்றிதழும் 6ஜி தேர்ச்சியும் ஒன்றல்ல. குறுகிய நாட்களில் 6ஜி சான்றிதழ் தருவதாகச் சொல்லும் இடத்தில் பணம் கட்டுமுன், ஒவ்வொரு மாணவருக்கும் எத்தனை குழாய்கள் தரப்படும், ஒட்டியவை வெட்டிப் பார்க்கப்படுமா, பயிற்றுநர் தாமே செய்து காட்டுவாரா என்று கேட்டறிவது நல்லது. வேலை தரும் இடத்தில் சான்றிதழைப் பார்த்தாலும், மீண்டும் ஒரு குழாயைக் கொடுத்துத்தான் சோதிப்பார்கள்.

பாதுகாப்பு

ராடு கொண்டு செய்யும் வெல்டிங்குக்குப் பொதுவாக 10 அல்லது 11 எண் கொண்ட கறுப்புக் கண்ணாடி தேவை. மின்வில்லின் புற ஊதாக் கதிர் பட்டால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் விழுந்ததுபோல் வலிக்கும். அருகில் நிற்பவருக்கும் இது நேரும். ஈரமான கையுறையோடு ராடு மாற்றக் கூடாது. மூடிய அறையிலும் குழிக்குள்ளும் ஆர்கான் தேங்கி உயிர்வளியை விலக்கிவிடும். அதற்கு மணமோ நிறமோ இல்லாததால் மயங்கும்வரை தெரியாது. எனவே அத்தகைய இடத்தில் காற்றோட்டமும் வெளியே ஓர் ஆள் காவலும் கட்டாயம்.

குறை-ஹைட்ரஜன் ராடுகளை (இ7018 போன்றவை) உற்பத்தியாளர் குறிப்பிட்ட வெப்பத்தில் உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் விரிசலை உண்டாக்கும். அப்போது வெல்டர் வீட்டுக்குப் போயிருப்பார். குழாயின் அருகே வேறொருவர் வேலை செய்துகொண்டிருப்பார்.