மறைந்து பேசும் வானொலி

போர்க்களத்தில் பேசுவதும் ஆபத்து, பேசாதிருப்பதும் ஆபத்து. செய்தி கிட்டாத படை கண்ணிழந்த படையாகும். வானொலியில் பேசிய படையோ தன் இருப்பிடத்தைப் பகைவனுக்குத் தானே அறிவித்துவிடக் கூடும். சங்கேத மொழி செய்தியின் பொருளை மறைக்குமேயன்றி, ஒலிபரப்பு நிகழ்ந்ததை மறைக்காது. திசையறியும் கருவிகள் இரண்டு மூன்று இடங்களில் இருப்பின், பேசிய நிலையம் எங்குள்ளது என்பது புலனாகிவிடும்.

இதற்கு மாற்று யாது? ஒரு வழி, அதிர்வெண்ணை இடைவிடாது மாற்றுவதாகும். ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும், ஜார்ஜ் ஆன்தைல் என்னும் இசையமைப்பாளரும் 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வகை முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். பியானோவின் 88 கட்டைகளைப் போல் அதில் 88 அதிர்வெண்கள் கூறப்பட்டிருந்தன. மற்றொரு வழி, ஆற்றலைப் பரப்பிவிடுதல். 1 வாட் ஆற்றலை ஆயிரம் மடங்கு அகன்ற பட்டையில் பரப்பினால், முன்பிருந்த அகலம் ஒவ்வொன்றிலும் ஆயிரத்தில் ஒரு பங்கே நிற்கும். அது இயற்கை இரைச்சலில் அமிழ்ந்துவிடும். பரப்பிய விதத்தை அறிந்த நண்பனே அதை மீண்டும் திரட்டவல்லான்.

ஆயினும் ஒரு கருவி மறைந்தால் போதாது. வலையமைப்பு முழுவதும் மறைய வேண்டும். இருபது நிலையங்கள் நிமிடத்திற்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு விநாடி, தத்தம் இருப்பிடத்தை மாறி மாறி அறிவிப்பதாகக் கொள்வோம். நிமிடத்தில் 20 விநாடிகள் யாரோ ஒருவர் பேசிக்கொண்டேயிருப்பார். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை என மாற்றினால், அது சராசரி 2 விநாடியாகக் குறையும். ஆனால் தளபதியிடம் உள்ள செய்தி பத்து நிமிடம் பழையதாகிவிடலாம். எது மேல்?

இதனைக் களத்தில் சோதித்தால் செலவு மிகுதி. அயலார் ஒட்டுக்கேட்கவும் இடமுண்டு. எனவே கணிப்பொறிக்குள் ஒத்திகை நடத்துகின்றனர். மலை, காடு, தொலைவு, இரைச்சல், பேசும் நிலையங்கள், ஒட்டுக்கேட்பவனின் கருவி ஆகிய யாவும் அங்கே எண்களாகும். நிலைமைகளைத் தற்செயலாக மாற்றி, ஆயிரக்கணக்கான முறை அதே போரை நடத்துவர். எத்தனை செய்திகள் உரிய காலத்தில் சேர்ந்தன, எத்தனை பகைவன் செவியில் விழுந்தன என்று கணக்கிட்டு ஒப்பிடுவர்.

வேலை நிமித்தம் பெங்களூரில் குடியேறிய தமிழன்பர்கள் ஜாலஹள்ளியை நன்கறிவர். 1954இல் அங்கு நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் படைகளுக்கான வானொலிக் கருவிகளைச் செய்து வருகிறது. நமது கடற்படைக்கெனப் பல அமைப்புகள் கூடி உருவாக்கிய மென்பொருள் வானொலியில், இந்நிறுவனத்திற்கும், 1986இல் பெங்களூரில் தொடங்கிய செயற்கை நுண்ணறிவு, ரோபோவியல் மையத்திற்கும் பங்குண்டு. அதனை வாங்க 2021 பிப்ரவரியில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இத்தகைய கருவியில் செய்தி அனுப்பும் முறையை மென்பொருளாலேயே மாற்ற இயலுமாதலால், ஒத்திகையில் தேறிய முறையைப் புதுக் கருவி செய்யாமலே புகுத்த வழியுண்டு.

எச்சரிக்கை ஒன்று தேவை. பகைவனின் செவியை மந்தமெனக் கருதிக் கணக்கிட்டால், ஒத்திகை நமக்குப் பொய்யான தைரியத்தையே அளிக்கும். ஆகவே அதன் முடிவுகளைக் களச் சோதனையுடன் ஒப்பிட்டே ஏற்க வேண்டும். கணக்கில் நேரும் பிழைக்கு விலை கொடுப்பவன், களத்தில் வானொலியைச் சுமந்து நிற்கும் வீரனே.